மூன்றாம் பாகத்தில் இல்லாத குழந்தை

செப்டம்பர் 7, 2014

அன்பு லேனி,

நான் நல்லா இருக்கேன். நீயும் ஜோசிக்குட்டியும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? அம்மாவோட முதுகு வலி குறைஞ்சுதா?

சிறைச் சாப்பாடு எப்படின்னு கேட்டிருந்த. பீன்ஸ். மறுநாளும் பீன்ஸ். ஞாயித்துக்கிழமை மட்டும் கோழின்னு ஒண்ணு போடுவாங்க, நாமதான் அதைக் கோழின்னு நம்பிச் சாப்பிடணும்.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. இங்க லைப்ரரியில ஒரு கதைப்புத்தகம் கிடைச்சுது. உன் வயசுப் பொண்ணுங்க படிக்கிறது. உலகமே அழிஞ்சு போய், மதிலுக்குள்ள ஒரே ஒரு ஊர்தான் மிச்சம். மழைத் தண்ணியைக்கூட அரசாங்கம் பூட்டி வெச்சிருக்கு. அந்த ஊர்ல லினெட்னு ஒருத்தி. பதினாறு வயசு. அப்பா அம்மா இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்ல. மார்ஷ்னு ஒரு பொம்பளைத் தளபதிதான் அவளை எடுத்து வளர்த்து, மதில் ஏறக் கத்துக் குடுக்குறா. ரெண்டு பாகத்தையும் ஒரே மூச்சுல முடிச்சேன். கடைசிப் பக்கத்துல மார்ஷ் நெஞ்சுல குண்டு பட்டுச் செத்துடுறா. லினெட் மதில் உச்சியில தனியா நிக்குறா. ஒரு பக்கம் சிப்பாய்ங்க, இன்னொரு பக்கம் கடல். அதோட முடிச்சுட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல.

என் ரூம்ல இருக்கிற வெர்னன் பெருசு, "தாடி முளைச்சவன் படிக்கிற புக்காடா இது?"ன்னு நக்கலடிச்சார். இப்ப முதல் பாகத்தை அவர்தான் வெச்சிருக்கார். கேட்டா தர மாட்டேங்கிறார்.

மூணாம் பாகம் எங்களுக்குக் கிடையாது. ஒருத்தனுக்கு வீட்டுல இருந்து அனுப்பினாங்க, தபால் ரூம்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அதுல லினெட் சிறையை உடைக்கிறாளாம். நாங்க படிச்சா கெட்டுப் போயிடுவோமாம்! உன் ஸ்கூல் லைப்ரரியில இருக்கும். நீ படிச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா எழுதுறியா? முடிவை முதல்லயே போட்டு உடைச்சுடாத.

அம்மாவை ரெண்டு வரி எழுதச் சொல்லு. போன் போட்டா இந்த நம்பரே இல்லைங்குது.

ஜோசிக்கு ஒரு முத்தம்.

உன் அண்ணன்
டஸ்டின்

*

லிக் க்ரீக்
செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்துச்சு. நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். நீ கோழியை நம்பிச் சாப்பிடு, இளைச்சுடாத.

போன் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. இப்போதைக்கு வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. முதியோர் இல்லத்துல அவங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட். பகல்ல தூங்கத்தான் நேரம் சரியா இருக்கு, அதான் எழுத முடியல. உன்னை விசாரிச்சாங்க. ஜோசி ஸ்கூல்ல சேர்ந்துட்டா. "இந்தப் பொண்ணுக்கு வாய் வலிக்காதா?"ன்னு அவ டீச்சர் என்கிட்ட கேக்குறாங்க.

உன் புக்கு கிடைச்சுது. செங்கல் மாதிரி கனம். ரெண்டு அத்தியாயம் படிச்சிருக்கேன். லினெட் ராத்திரி முழுக்க மதில் மேலயே படுத்துக் கிடக்குறா. கீழ சிப்பாய்ங்க அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. "இறங்கி வா பாப்பா, சூடா சூப் இருக்கு"ன்னு. அந்த சூப் வாசனைதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. விடியுற நேரத்துல கடல் பக்கம் ஒரு படகு. அதுல யாரோ விளக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க. ரெண்டாவது அத்தியாயம் அங்க முடியுது.

மிச்சம் அடுத்த கடிதத்துல. ஜோசி இப்ப மேசைக்கு அடியில இருந்து என் காலைக் கடிக்கிறா.

அன்போட
லேனி

*

அக்டோபர் 5

அன்பு லேனிக்கு,

எனக்குக் கொஞ்சம் இருமல், மத்தபடி சுகம். உங்க எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கும்னு நம்புறேன்.

உன் கடிதத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். பக்கத்து ரூம் பசங்களும் வந்து நின்னுட்டாங்க. வெர்னன் பெருசு, "படகு வந்தும் ஏறலைன்னா அவ முட்டாள்"ங்கிறார். ஏற மாட்டான்னு நான் சொன்னேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.

பதினெட்டாம் தேதி என் பொறந்த நாள். அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு அம்மா போன தடவை சத்தியம் பண்ணாங்க. ஞாபகப்படுத்து. ஜோசி எவ்வளவு வளந்திருக்கான்னு பாக்கணும்.

உன்
டஸ்டின்

*

லிக் க்ரீக்
நவம்பர் 2

அன்புள்ள அண்ணா,

இருமல் போயிடுச்சா? லேட்டா பொறந்த நாள் வாழ்த்து. வர முடியலைன்னு வருத்தப்படாத. அம்மாவுக்கு லீவு கிடைக்கல, கார்லயும் ஏதோ சத்தம். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

லினெட் கதைக்கு வர்றேன். நீதான் ஜெயிச்ச. அவ படகுல ஏறல. ஊருக்குள்ளயே திரும்பி இறங்கிட்டா. ஏன்னா உள்ள பிப்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்கா, அவளை விட்டுட்டுப் போக முடியாது. தளபதி மார்ஷ் நிலவறையில படுத்தே கிடக்குறா. வலி மருந்து குடிச்சுக் குடிச்சு எப்பவும் தூக்கம். எழுப்பினா, யாரு நீன்னு கேக்குறா. ஒருநாள் காலையில தலையெல்லாம் சீவி, நல்ல சட்டை போட்டுட்டு, "மருந்து வாங்கிட்டு ரெண்டு மூணு நாள்ல வந்துடுவேன், யாருக்கும் கதவைத் திறக்காத"ன்னு சொல்லிட்டு வண்டியில போறா. அப்புறம் வரல. லினெட்டுக்கு அவ மேல கோவம் எல்லாம் இல்ல. நல்ல சட்டை எதுக்குப் போட்டான்னு மட்டும் யோசிச்சுட்டே இருக்கா.

குளிர் ஆரம்பிச்சுடுச்சு. பிப்புக்கு ஷூ இல்ல. லினெட் தன்னோட பழைய ஷூவுக்குள்ள துணி அடைச்சுப் போட்டு விடுறா. பனி விழுந்தா ஊர் வாசலை மூடிடுவாங்க. வாசல் மூடினா அன்னிக்கு ரேஷன் கிடையாது. மத்த பசங்க எல்லாம் வாசல் மூடினா கை தட்டிக் குதிக்கிறாங்க. லினெட் மட்டும் அலமாரியில என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாக்குறா. மக்ரோனியை வெறும் தண்ணியில வேக வெச்சு, சீஸ் பொடியில பாதியை மட்டும் போடுறா. "ஏன் மஞ்சளா இல்ல?"ன்னு பிப் அழறா.

இது நீளமான புத்தகம். பொறுமையா இரு.

லேனி

*

நவம்பர் 16

அன்பு லேனி,

இருமல் போயிடுச்சு. நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அங்க குளிர் எப்படி?

எனக்கு ஒண்ணும் புரியல. லினெட்டுக்கு ஏது குழந்தை? ரெண்டு பாகத்துலயும் பிப்னு ஒருத்தி இல்லவே இல்ல. மார்ஷ் செத்துட்டாளே, எப்படிப் படுத்துக் கிடக்குறா? நான் திரும்ப எடுத்துப் படிச்சேன். நெஞ்சுல குண்டு, கண்ணை லினெட்தான் மூடி விடுறா. மதிலுக்குள்ள மக்ரோனி ஏது? அவங்க சாப்பிடுறது பாசியை அரைச்சுத் தட்டின வில்லை.

வெர்னன் பெருசு, "எழுதினவங்க பணம் வாங்கிட்டு மூணாம் பாகத்தைக் கண்டபடி எழுதிட்டாங்க"ங்கிறார். அடுத்த ரூம் பையன், "மார்ஷுக்கு ரெட்டைப் பொறப்பு இருக்கும்"ங்கிறான். ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துடுச்சு. நீ ரெண்டு புத்தகத்தைக் கலந்து எழுதுறியா?

அம்மா ஏன் இன்னும் ஒரு வரிகூட எழுதல?

டஸ்டின்

*

லிக் க்ரீக்
நவம்பர் 30

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம்தானே? நாங்களும் அப்படித்தான். நன்றி சொல்ற பண்டிகைக்குச் சர்ச்ல வான்கோழி குடுத்தாங்க. ஜோசி தொடை முழுக்க அவளே தின்னா. அம்மாவுக்கு வேலை.

நீதான் சரியாப் படிக்கல. குண்டு பட்டா எல்லாரும் செத்துடணுமா? நான் என்ன படிக்கிறேனோ அதைத்தான் எழுதுறேன். பிடிக்கலைன்னா சொல்லு, நிறுத்திக்கிறேன்.

இப்ப ஊரைக் கணக்கெடுக்க ஒரு அதிகாரிப் பொம்பளை வர்றா. நல்லவ மாதிரியே சிரிப்பா. பெரியவங்க இல்லாத வீடுன்னு தெரிஞ்சா பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போய் ஆளுக்கொரு இடத்துல போட்டுடுவாங்க. லினெட் கதவை விரல் அளவுக்குத் திறக்குறா.

"அம்மா இருக்காங்களா கண்ணு?"

"குளிச்சிட்டு இருக்காங்க."

"போன வாரமும் குளிச்சிட்டுத்தானே இருந்தாங்க?"

"அவங்களுக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம்."

உள்ள பிப் குழாயைத் திறந்து விட்டுட்டு, பெரியவங்க குரல்ல பாட்டுப் பாடுறா. அவளுக்குத் தெரிஞ்சது ஏ பி சி டி பாட்டு மட்டும்தான். அதையே கட்டைக் குரல்ல பாடுறா. அந்தப் பொம்பளை கொஞ்ச நேரம் கேட்டுட்டு நின்னா. அப்புறம், "நல்லாப் பாடுறாங்க உங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. கண்டுபிடிச்சுட்டாளா இல்லையான்னு லினெட்டுக்குத் தெரியல. எனக்கும் தெரியல.

லேனி

*

டிசம்பர் 14

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படி இருக்கு? நிஜமாச் சொல்லு.

போன கடிதத்தையும் சத்தமாத்தான் படிச்சேன். குழாயைத் திறந்து விட்டான்னு படிச்சதும் நிறுத்திட்டேன். தண்ணியைப் பூட்டி வெச்ச ஊர்ல எப்படிக் குளிப்பாங்க? யாரும் சிரிக்கல. வெர்னன் பெருசு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "டேய், இது புக்கு இல்லடா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

போன சனிக்கிழமை அவர் மக பாக்க வந்திருந்தா. அந்தப் பொண்ணு மூணாம் பாகத்தைப் படிச்சிருக்கா. லினெட் படகுல ஏறிடுறாளாம். கடலுக்கு அந்தப் பக்கம் போய்ப் படை திரட்டிட்டு வர்றாளாம். குழந்தை யாரும் இல்லையாம்.

லேனி, அம்மா எங்க?

உடனே எழுது. நான் கோவப்பட மாட்டேன்.

டஸ்டின்

*

ஜனவரி 4, 2015

லேனி,

புது வருஷ வாழ்த்துன்னு எழுத மனசு வரல. நீ எப்படி இருக்க, ஜோசி எப்படி இருக்கான்னு தெரியாம மூணு வாரமா தவிக்கிறேன். கடிதம் குடுக்கிறவர் வந்தா வெர்னன் பெருசு எனக்கு முன்னாடி எழுந்து நிக்குறார். அவர் கையை விரிச்சுட்டுப் போயிடுறார்.

டிவியில நம்ம பக்கம் முழங்கால் அளவு பனின்னு காட்டினாங்க. ஸ்கூல் எல்லாம் மூடியாச்சுன்னு சொன்னாங்க. ஸ்கூல் மூடினா மத்தியானச் சாப்பாடு கிடையாதுங்கிறது அப்பதான் எனக்கு உறைச்சுது. நீ எழுதிட்டே இருந்திருக்க. நான் மக்ரோனி ஏதுன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன்.

இன்னிக்குக் காலையில லெக்சிங்டன்ல இருக்கிற ட்ரீனா பெரியம்மாவுக்கு எழுதிப் போட்டுட்டேன். அவங்களும் அம்மாவும் முகம் பாத்துப் பேசி வருஷக்கணக்குல ஆச்சு, தெரியும். எனக்கு வேற யாரைத் தெரியும், சொல்லு? நான் இங்க இருந்து எழுந்து வர முடியுமா?

பெட்டியில போட்ட நிமிஷத்துல இருந்து, அந்தக் கடிதம் எங்கயாவது தொலைஞ்சு போயிடக் கூடாதான்னும் தோணுது. சீக்கிரம் போய்ச் சேரணுமேன்னும் தோணுது.

அண்ணன்

*

லெக்சிங்டன்
ஜனவரி 27

டஸ்டின்,

நீ சுகமான்னு கேக்குற மனசு இப்ப எனக்கு இல்ல.

பெரியம்மா வந்தாங்க. பனியில கார் ஏறல, பாலத்துக்கிட்ட நிறுத்திட்டு நடந்தே வந்தாங்க. கதவைத் திறந்ததும் என்னைப் பாக்கல, அடுப்பைப் பாத்தாங்க. கரண்ட் இல்ல. சமையல் ரூம் அலமாரிக் கதவைக் கழட்டி எரிச்சுட்டு இருந்தேன். "எத்தனை நாளா?"ன்னாங்க. "எது?"ன்னேன். அங்கேயே உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கு நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

அவங்க யாருக்கோ போன் பண்ண, நம்ம வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்த அந்தச் சிரிக்கிற அதிகாரிப் பொம்பளை ஒரு போலீஸ்காரரோட வந்தா. பெரியம்மா வீட்டுல இருக்கிறது ஒரே ரூம். இப்போதைக்கு ஒருத்தியைத்தான் அங்க அனுப்ப முடியும், சின்னவளுக்கு வேற வீடு பாத்திருக்கோம்னு சொன்னா. "ஏன், நாங்க ஒரே கட்டில்ல படுத்துக்கிறோமே, இங்கயும் அப்படித்தானே"ன்னு கெஞ்சினேன். சட்டம் அப்படி இல்லையாம். ஜோசியைக் கார்ல ஏத்தினப்ப அவ அழல. பெல்ட்டை அவளே மாட்டிக்கிட்டு, "நீ முன் சீட்டா, லேனி?"ன்னு கேட்டா. கதவைச் சாத்திட்டாங்க.

நாங்க சமாளிச்சிட்டுத்தான் இருந்தோம். உன்னை யாரு கேட்டா?

இன்னொண்ணு. அந்தப் புத்தகத்தை ரெண்டு அத்தியாயத்துக்கு மேல நான் படிக்கவே இல்ல. ஜோசியைத் தூங்க வெச்சுட்டுப் பிரிச்சா எனக்கே கண்ணு சொக்கிடும். நீ காத்துட்டு இருப்பியேன்னு எதையாவது எழுதுவேன். எங்க லினெட் முடிஞ்சா, எங்க நான் ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட சொல்றோம்னு நினைச்சு எழுதல. மறைக்கிறோம்னும் நினைக்கல.

அம்மா அக்டோபர்ல போனாங்க. எங்கன்னு இன்னும் யாருக்கும் தெரியாது.

இங்க வந்த மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். எழுந்ததும் வீடு கதகதன்னு இருந்துச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு டஸ்டின். அப்புறம்தான் கட்டில்ல பக்கத்துல கை வெச்சுப் பாத்தேன். அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நானே அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

எனக்கு எழுதாத.

டெலேனி

*

பிப்ரவரி 15

அன்பு லேனி,

முழுப் பேரைப் போட்டு, எழுதாதன்னு சொன்ன. எழுதிட்டேன். படிக்காம வேணா வெச்சுக்கோ. பெரியம்மா வீட்டுச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்குதா? எனக்குக் கடைவாய்ப் பல் வலி, கன்னம் வீங்கி இருக்கு.

நான் பண்ணினது சரின்னு சொல்ல வரல. காலையில எழுந்ததும் சரின்னு தோணுது. சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது தப்புன்னு தோணுது. உங்க ரெண்டு பேரையும் பிரிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா எழுதியிருக்க மாட்டேனா? தெரியல. அந்த அலமாரிக் கதவெல்லாம் எரிஞ்சு முடிஞ்ச பிறகு எதை எரிச்சிருப்ப நீ?

இங்க வர்ற பாதிரியாரைப் பிடிச்சு, ஜோசியைப் பத்தி விசாரிக்கச் சொன்னேன். நாலு தடவை கேட்ட பிறகு பதில் கொண்டு வந்தார். அவ இருக்கிற வீட்டுல பெரிய நாய் ஒண்ணு இருக்காம். நல்லாச் சாப்பிடுறாளாம். யாரோடயும் பேசுறது இல்லையாம். நம்ம ஜோசி! வாய் வலிக்காதான்னு டீச்சர் கேட்ட நம்ம ஜோசி. நான் அதைக் கேட்டுட்டு ரூமுக்கு வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துட்டேன். வெர்னன் பெருசு இப்ப லினெட்டைப் பத்திக் கேக்குறது இல்ல. "பாப்பாவுக்கு என்னடா ஆச்சு?"ன்னுதான் கேக்குறார்.

கோவமா இரு, லேனி. ஆனா கோவமாவாவது எழுது.

உன் அண்ணன்
டஸ்டின்

*

லெக்சிங்டன்
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல் வலி தேவலையா? பிடுங்கிட்டாங்களா? பெரியம்மா உன்னை விசாரிச்சாங்க. அவங்களுக்கு ரத்த அழுத்தம், உப்பில்லாமச் சமைக்கிறாங்க. அதைத் தவிர எல்லாரும் நலம்.

எல்லாரும்னா ஜோசியும்தான். பெரியம்மா ரெண்டு ரூம் வீடாப் பாத்து மாறினாங்க. நீதிபதி கையெழுத்துப் போட்டுட்டார். போன வியாழக்கிழமை கொண்டு வந்து விட்டாங்க. கன்னமெல்லாம் உப்பி இருக்கா. முதல் ரெண்டு நாள் என்கிட்ட பேசல. நான் ஊட்டினா வாயைத் திறக்கல, பெரியம்மா ஊட்டினா சாப்பிட்டா. ஃப்ரிட்ஜைத் திறக்கணும்னா முன்னாடி நின்னு கையைத் தூக்கிட்டு நிக்குறா, யாராவது சரின்னு சொல்ற வரைக்கும். மூணாம் நாள் குளிக்க வெச்சப்ப திடீர்னு திரும்பி, "நீ ஏன் முன் சீட்டுல ஏறல?"ன்னு கேட்டா. "இடம் இல்ல"ன்னேன். "இடம் இருந்துச்சு, நான் பாத்தேன்"னா. அப்புறம் என் முகத்துல சோப்பு நுரையை அப்பிட்டுச் சிரிச்சா. இப்ப பழையபடி வாய் ஓயல.

நேத்து அம்மா போன் பண்ணினாங்க.

டென்னசியில எங்கயோ ஒரு இல்லத்துல இருக்காங்களாம். மருந்தை நிறுத்தப் பழக்குற இடமாம். பெரியம்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு போனை என்கிட்ட குடுத்துட்டாங்க. அம்மா குரல் தெளிவா இருந்துச்சு. அவ்வளவு தெளிவாக் கேட்டு ரொம்ப நாள் ஆச்சு. எனக்கு உடனே அழுகை வந்துடுச்சு. ஆனா அவங்க திட்டத்தான் ஆரம்பிச்சாங்க.

"என் பிள்ளைங்களை யாரு கோர்ட்டுக்கு இழுத்தது? எவன் எழுதிப் போட்டது? டஸ்டின்தானே? உள்ள உக்காந்துக்கிட்டு இந்த வேலை பாத்தானா? அவன் எனக்குப் பிள்ளையே இல்ல!"

"இல்லம்மா. நான்தான் சொன்னேன்."

வெச்சுட்டாங்களோன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் யாரோ இருமுற சத்தம் கேட்டுச்சு.

"ஜோசி சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாம்மா."

"நீ?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களுக்குப் பேசக் குடுத்த நேரம் முடிஞ்சு, லைன் கட்டாயிடுச்சு.

பெரியம்மா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. "ஏண்டி அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டாங்க. உன்னைக் காப்பாத்தச் சொன்னேனா, இல்ல அதுதான் நிஜமான்னு ராத்திரி எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். பிடிபடல. உனக்கு ஏதாவது தெரிஞ்சா எழுது.

அடுத்த மாசம் பெரியம்மா எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றாங்க. ஜோசியை முன் சீட்டுல உக்கார வைக்கக் கூடாதாம், சின்னப் பிள்ளையாம். நான் அவளோட பின் சீட்டுல வர்றேன்.

உன் தங்கச்சி
லேனி